மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடிய பெட்ரோல் ஜீப் ஊட்டியில் புகைகிறது: ஜெட் மாற்ற வேண்டுமா?

தோட்டத்து_ஜீப்:

வண்டி மஹிந்திரா சிஜே3பி. எஃப்-134 ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின், 2.2 லிட்டர். பழைய கார்ட்டர் கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு ஒற்றை பேரல் சோலெக்ஸ் போட்டிருக்கு. பெட்ரோலை அளந்து விடும் துளைகளில் மெயின் ஜெட் 125, ஐடிலுக்கான பைலட் ஜெட் 50 என்று முத்திரை.

இதுவரை மேட்டுப்பாளையத்தில் ஓடியது. இனி ஊட்டியிலேயே நிற்கப்போகிறது, மாதம் ஒருமுறை கீழே இறங்கும். மேலே வந்ததிலிருந்து இப்படி:

ஐடிலில் குலுங்குகிறது, புகைக்குழாயில் கறுப்புப் புகை, பிளக் நாலும் கரி. சூடான இன்ஜினை நிறுத்தி பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறது. மூன்றாம் கியரில் ஏறிய ஏற்றத்துக்கு இப்போது இரண்டாம் கியர் வேண்டியிருக்கு.

கீழே இருந்தபோது வேறு மாதிரி தொல்லை: ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி திணறும். ஆறு மாதம் முன்பு மெக்கானிக் 'லெவலை ஏத்தி' அதைச் சரி செய்தார். மெயின் ஜெட்டை எத்தனைக்கு இறக்கணும்? 115 போதுமா, 110 வேணுமா?

---

திருப்புளி:

110 வேண்டவே வேண்டாங்க. கணக்கைப் பார்த்துட்டு ஜெட் வாங்குங்க.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் சுமார், ஊட்டி 2240 மீட்டர். காற்றழுத்தம் கீழே ஏறக்குறைய 975 மில்லிபார், மேலே 770. அதாவது 21 சதவீதம் குறைவு. ஆனா ஊட்டியில குளிர், குளிர்ந்த காத்து அடர்த்தி. கீழே 33 டிகிரி, மேலே 15 டிகிரின்னு வெச்சா அடர்த்தி 16 சதவீதம்தான் குறையுது.

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. காத்து 16 சதவீதம் குறைஞ்சா பெட்ரோலையும் 16 சதவீதம் குறைக்கணும்னு நினைக்கிறாங்க. வெஞ்சுரியில, அதாவது கார்ப்பரேட்டரோட குறுகின தொண்டையில, காத்து மெலிஞ்சா அங்க உண்டாகிற உறிஞ்சலும் குறையும், அதனால ஜெட் வழியா வர்ற பெட்ரோலும் தானாகவே கொஞ்சம் குறைஞ்சுடும். கார்ப்பரேட்டர் பாதி வேலையைத் தானே பாத்துக்குது. மிச்சம் நிக்கிற ரிச் (காத்துக்குத் தேவையானதை விடப் பெட்ரோல் கூடுதல்) எவ்வளவுன்னா, அடர்த்தி விகிதத்தோட வர்க்கமூலம். 0.84க்கு வர்க்கமூலம் 0.917. ஆக 9 சதவீதம்தான் ரிச்.

ஜெட் எண் துளையோட விட்டம், நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்குல. 125ன்னா 1.25 மி.மீ. பாயிற அளவு பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தோட வர்க்கம். 120 போட்டா பரப்பு 8 சதவீதம் குறையும். 117.5 போட்டா 11.6. நீங்க சொல்ற 115 போட்டா 15 சதவீதம், 110 போட்டா 22.6 சதவீதம். 110ல ஏத்தத்துல முழு ஆக்சிலரேட்டர் மிதிச்சா இன்ஜின் சூடேறி எக்ஸாஸ்ட் வால்வு போகும். இந்த எஃப்-ஹெட் இன்ஜின்ல இன்டேக் வால்வுதான் மேலே ஹெட்ல. எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குலயே இருக்கு, அந்த சீட்டிங் கெட்டா சின்ன வேலை இல்ல.

120 போட்டுப் பாருங்க. கிடைக்காட்டி 125ஐ ஈயம் வெச்சு அடைச்சு 1.20 பிட்டால கையிலேயே துளை போடலாம், டிரில் மெஷின் வேண்டாம். தற்காலிகத்துக்கு மட்டும். சில பேர் ஜெட்டுக்குள்ள ஒரு இழை செப்புக் கம்பி விடுவாங்க. 0.35 மி.மீ. கம்பி விட்டா பரப்பு கணக்குப்படி சரியா 8 சதவீதம் குறையத்தான் செய்யும், ஆனா கம்பி அசைஞ்சா அளவும் மாறும். செய்யாதீங்க.

---

நாலாம்_கியர்:

திருப்புளி அண்ணன் கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கே இன்னொன்றையும் சொல்கிறது. 9 சதவீதம் ரிச் ஆனால் இழுவை கொஞ்சம் மந்தமாகும், பிளக் நிறம் கறுக்கும், பெட்ரோல் கூடச் செலவாகும். நாலு பிளக்கும் கரி பிடித்துக் கறுப்புப் புகை தள்ளும் அளவுக்குப் போகாது. உயரம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ஜெட்டைத் தொடுவதற்கு முன் இந்த வண்டியில் வேறு ஒரு பழுதைத் தேட வேண்டும்.

தேட வேண்டிய இடமும் கேள்வியிலேயே இருக்கிறது. 'லெவலை ஏத்தி' என்றால் ஃப்ளோட் (மிதவை) சேம்பரில் பெட்ரோல் மட்டத்தை உயர்த்தியிருக்கிறார். சோலெக்ஸில் அதற்கு வழி, மூடியில் பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வுக்கு அடியில் இருக்கும் வாஷரை மெலிதாக்குவது, அல்லது எடுத்தே விடுவது.

அவர் ஏன் ஏற்றினார் தெரியுமா? பங்க்கில் இப்போது வருவது ஈ20. இருபது சதவீதம் எத்தனால். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஈ20க்கு 13.5 போதும். பழைய பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டில் ஈ20 போனால் கலவை சுமார் 8 சதவீதம் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. கீழே மிதிக்கும்போது வந்த திணறல் அந்த லீன் திணறல்தான். அதற்கு ஜெட்டைப் பெரிதாக்காமல் ஃப்ளோட்டை உயர்த்திச் சமாளித்திருக்கிறார்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஈ20 8 சதவீதம் லீன் ஆக்குகிறது. ஊட்டி 9 சதவீதம் ரிச் ஆக்குகிறது. ஒன்றை ஒன்று அடித்துவிடும். அதாவது பழைய பெட்ரோலுக்குச் சமவெளியில் சரியாக இருந்த 125, ஈ20க்கு ஊட்டியில் சரியான ஜெட். மாற்ற வேண்டியது மேலே அல்ல, கீழே: மேட்டுப்பாளையத்தில் ஈ20 ஊற்றி ஓட்ட 130 வேண்டும், பரப்பு 8 சதவீதம் கூடும்.

வரிசையாகப் பாருங்கள்:

ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். சோக் தகடு முழுக்க நிமிர்ந்து நிற்கிறதா? கேபிள் துருப்பிடித்துக் கால்வாசி மூடியே நிற்பது வழக்கமான கதை. ஆயில் பாத் கிளீனரில் குறித்த கோட்டுக்கு மேல் ஆயில் இருந்தாலும் ரிச் ஆகும்.

இன்ஜினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பாருங்கள். நடுவில் உள்ள மெயின் நாசிலில் ஐடிலில் ஒரு துளி கூடச் சொட்டக்கூடாது. சொட்டினால் மட்டம் அதிகம். பேக்ஃபயர் அடித்தால் முகத்தில் அடிக்கும், தள்ளி நின்று பாருங்கள்.

நிறுத்திய பிறகும் சொட்டினால் நீடில் வால்வு அடைபடவில்லை, அல்லது பெட்ரோல் சூட்டில் கொதித்து வழிகிறது. உங்கள் பத்து நிமிடத் தொல்லை இதில் ஒன்று.

மூடியைத் திறந்து பித்தளை ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே ஆட்டுங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. சலசலக்காவிட்டாலும் கை பொறுக்காத வெந்நீரில் அமுக்குங்கள். ஊசி ஓட்டை இருந்தால் குமிழி வரும். பெட்ரோல் போன ஃப்ளோட்டை அப்படியே பற்ற வைக்காதீர்கள், உள்ளே உள்ள ஆவி வெடிக்கும். முழுக்க வெளியேற்றி உலர்த்திய பிறகே. பற்றும்போது ஈயம் கூடினால் ஃப்ளோட் கனமாகி மட்டம் மறுபடி ஏறும்.

வாஷரை அளந்து சொல்லுங்கள்.

---

திருப்புளி:

ஈ20ஐக் கணக்குல சேர்க்காம விட்டது என் தப்பு. 120 வாங்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஒண்ணு மட்டும்: கடையில வர்ற நகல் ஜெட்டுல அச்சடிச்ச எண்ணை நம்பாதீங்க. 1.25 மி.மீ. புது டிரில் பிட்டோட வழவழப்பான தண்டுப் பக்கத்தை மெதுவா விட்டுப் பாருங்க. லூசா ஆடினா எவனோ கம்பி விட்டுத் தோண்டியிருக்கான். கண்ணுக்குத் தெரியாத கீறல் கூட ஒரு சைஸ் மாத்திடும். ஜெட்டைக் காத்தடிச்சுத்தான் சுத்தம் பண்ணணும்.

---

கார்ட்டர்_விசுவாசி:

கழற்றி வைத்த கார்ட்டர் ஒய்எஃப் பரணில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதையே வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஊட்டியில் அது வேறு விதமாகத் தவறும்.

ஒய்எஃப்பில் மெயின் ஜெட்டுக்குள் ஒரு மீட்டரிங் ராட் ஏறி இறங்கும். ராட் கீழே இருந்தால் தடித்த பகுதி ஜெட்டை அடைத்து லீன், மேலே போனால் மெல்லிய நுனி மட்டும் நின்று ரிச். ராடைக் கீழே இழுத்துப் பிடிப்பது இன்ஜின் வேக்குவம், மேலே தூக்குவது ஸ்பிரிங். வேக்குவம் மேலே குறைவு. மேட்டுப்பாளையத்தில் ஐடிலில் வேக்குவம் கேஜில் 18 அங்குலம் (பாதரசம்) காட்டும் நல்ல இன்ஜின் ஊட்டியில் 12 தான் காட்டும். அது பழுதல்ல, வெளிக்காற்றழுத்தமே 6 அங்குலம் குறைந்துவிட்டது. ஆனால் ஸ்பிரிங்குக்கு அது தெரியாது, மிதிக்கிறீர்கள் என்று நினைத்து ராடைச் சீக்கிரமே தூக்கிவிடும். சமதளத்தில் மெல்லப் போகும்போதே ஏற்றத்துக்கான பெட்ரோல் ஊற்றும்.

ஜெட் மாற்றுவதற்கு முன் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்தால் ராட் எப்போதும் மேலேதான். பிறகு ராடின் இருப்பு: திராட்டிலை முழுக்க மூடி, டயாஃப்ரம் தண்டை அடிவரை அமுக்கினால் ராட் தன் குழியின் அடியைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ராடைப் பிடித்திருக்கும் கையின் உதட்டை மிகக் கொஞ்சம் வளைத்துச் சரி செய்யலாம். ராட் நுனியை அரத்தால் தேய்க்க வேண்டாம், மெலிந்தால் இன்னும் ரிச் ஆகும். எத்தனாலுக்குத் தாங்கும் டயாஃப்ரம் உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள், பழைய சரக்கு ஊறிச் சுருங்கிவிடும்.

வேக்குவம் வைப்பர் உள்ள பழைய வண்டி என்றால் ஊட்டி மழையில் வைப்பர் தூங்குவதும் இந்த 6 அங்குலத்தால்தான்.

---

தோட்டத்து_ஜீப்:

எல்லோருக்கும் நன்றிங்க. திறந்து பார்த்தாச்சு.

சோக் முழுக்கத் திறக்கிறது. ஐடிலில் மெயின் நாசில் நிற்காமல் சொட்டியது. நீடில் வால்வுக்கு அடியில் வாஷரே இல்லை! ஃப்ளோட் வெந்நீரில் குமிழி விடவில்லை. நீடில் நுனியில் ஒரு வளையம் போல் தேய்மானம். ஜெட்டில் 1.25 தண்டு இறுக்கமாக நுழைகிறது.

புது நீடில் வால்வும் 1 மி.மீ. ஃபைபர் வாஷரும் போட்டேன். நாசில் சொட்டு நின்றுவிட்டது. கறுப்புப் புகை இல்லை. ஐடில் மட்டும் இன்னும் லேசாகக் குலுங்குகிறது. ஐடில் கலவைக்கான மிக்சர் ஸ்குரூ மூன்று சுற்று வெளியே இருக்கு. இழுவையும் முன்பு போல் இல்லை. சோக்கை லேசாக இழுத்தால் இன்ஜின் மந்தமாகிறது.

---

நாலாம்_கியர்:

சோக் இழுத்தால் மந்தம் என்றால் லீன் இல்லை. நல்ல செய்தி. லீன் ஆக இருந்தால் சோக் இழுத்ததும் தெளியும்.

மூன்று சுற்று என்பது வாஷரை எடுப்பதற்கு முன், கீழே லீன் திணறலை மறைக்கத் திருப்பியதாக இருக்கும். மிக்சரைத் தொடுவதற்கு முன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) முடியுங்கள், டைமிங் மாறினால் ஐடிலும் மாறும், பிறகு வேலை இரட்டிப்பு.

டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.5 மி.மீ., பிளக் இடைவெளி 0.75 மி.மீ. கரி பிடித்த பிளக்கைத் தேய்த்துப் போடாமல் புதிதாகப் போடுங்கள், பீங்கானில் ஏறிய கரி வழியாக மின்சாரம் கசியும், அதுவும் குலுக்கலைத் தரும்.

இந்த இன்ஜினுக்குக் கம்பெனி அளவு டாப் டெட் சென்டருக்கு (பிஸ்டன் உச்சிக்கு) முன் 5 டிகிரி. மேலே காற்று மெலிவதால் சிலிண்டரில் அழுத்தம் குறைவு, தீ மெதுவாகப் பரவும், இன்ஜின் தட்டும் (நாக்கிங்) அபாயமும் குறைவு. அதனால் 2 டிகிரி கூட்டி 7ல் வையுங்கள். டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஏற்றத்தில் முழுக்க மிதியுங்கள். தட்டல் சத்தமே இல்லையென்றால் இன்னும் 2 கூட்டலாம். சத்தம் வந்து இரண்டு நொடியில் மறைந்தால் அது எல்லை. நின்று தட்டினால் திருப்பிக் குறையுங்கள். உயரத்தில் இழந்த இழுவையில் மீட்க முடிந்தது இவ்வளவுதான். அடர்த்தியில் போன ஆறில் ஒரு பங்கை எந்த ஜெட்டும் திருப்பித் தராது, அந்த ஏற்றத்துக்கு இரண்டாம் கியர் இனி நியாயமே.

பிறகு மிக்சர். மெல்ல உள்ளே திருகி, முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கூம்பு நுனியில் பள்ளம் விழும், அப்புறம் எத்தனை திருப்பினாலும் அமையாது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. சூடான இன்ஜினில் வேக்குவம் கேஜ் மாட்டி, கால் சுற்று கால் சுற்றாக உள்ளே போங்கள். முள் இறங்கத் தொடங்கும் இடம் லீன் எல்லை. வெளியே வந்து முள் ஆடத் தொடங்கும் இடம் ரிச் எல்லை. இரண்டுக்கும் நடுவில், லீன் பக்கத்திலிருந்து கால் சுற்று வெளியே விடுங்கள். ஐடில் 600 ஆர்பிஎம். முள் 12ல் நின்றால் இன்ஜின் ஆரோக்கியம். 18க்காகத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள்.

ஒன்றரைச் சுற்றுக்குள் எங்கும் லீன் எல்லையே வரவில்லை என்றால் பைலட் ஜெட் 47.5. மூன்று சுற்று வெளியே வந்தும் ரிச் எல்லை வராவிட்டால் கார்ப்பரேட்டர் அடியில் காற்றுக் கசிவு.

---

கல்லட்டி36:

சூட்டில் எடுக்காத விஷயத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். ஊட்டியில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலும் சீக்கிரம் ஆவியாகும், எத்தனால் கலந்தது இன்னும் சீக்கிரம். கீழ் கியரில் மெல்ல ஏறி நிறுத்தினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூடு கார்ப்பரேட்டரில் ஏறிக் கொதிக்கும். கார்ப்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் 6 மி.மீ. பேக்கலைட் ஸ்பேசர், இரு பக்கமும் புது காஸ்கெட். பெட்ரோல் பைப்பு எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போனால் தள்ளிக் கட்டுங்கள்.

அப்படியும் முரண்டு பிடித்தால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டர் அடியுங்கள். பம்ப் பண்ணவே கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப் இன்னொரு பீச்சு பெட்ரோல் ஊற்றும்.

---

தோட்டத்து_ஜீப்:

டைமிங் 8ல் நிற்கிறது. 9ல் தட்டல் நீடித்தது. மிக்சர் ஒன்றேகால் சுற்றில் அமைந்தது, முள் 12க்குக் கொஞ்சம் கீழே, ஆடாமல் நிற்கிறது. மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஜெட் மாற்றியே ஆகணுமா? பிளக் பார்த்து முடிவு செய்யலாமா?

---

நாலாம்_கியர்:

குன்னூர் வழியாக இறங்கும் வரை ஒன்றும் வேண்டாம், ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமல் இன்ஜின் பிரேக்கில் வருகிறீர்கள், எரிய லோடே இல்லை. கீழே மேட்டுப்பாளையத்துக்குள் காய்கறி ஏற்றிக்கொண்டு திரும்பி ஏறுவதானாலும், 125ல் 8 சதவீதம் லீன் ஆக, மெல்ல மூன்றாம் கியரில் பாதி மிதியில் போனால் பாதகமில்லை. ஏற்றம் தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் முழு லோடில் முழு மிதி மட்டும் வேண்டாம். டிரெய்லர் மாட்டி இழுப்பதானால் அல்லது சமவெளியில் நூறு கிலோமீட்டர் போவதானால் 130 போடுங்கள், டைமிங்கையும் 5க்கு இறக்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பில் இரண்டு இடத்திலும் ஆணியால் கோடு கீறி வைத்தால் ரோட்டோரத்தில் ஐந்து நிமிட வேலை.

பிளக் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துச் செம்பழுப்பு நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். ஈ20ல் சரியான கலவையிலேயே பீங்கான் வெளிறித்தான் இருக்கும். அதை லீன் என்று நினைத்து ஜெட்டை ஏற்றுகிறார்கள். நிறத்தை விட்டுவிட்டு, பீங்கான் வேருக்கு அருகே, உலோகத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய சாம்பல் வளையம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். வளையம் இருந்தால் சரி. வளையமே இல்லாமல் பளிச்சென்று, நுனியில் பொடிப்பொடியாக உலோக மணிகள் தெரிந்தால் அது லீன், உடனே 130.

---

திருப்புளி:

130 வாங்கும்போது ஜெட்டுக்கு அடியில போற ஃபைபர் வாஷரும் ரெண்டு வாங்கிக்கங்க. பழசை மறுபடி போட்டா ஓரமா கசிஞ்சு, ஜெட்டைச் சுத்தி வர்ற பெட்ரோலைக் கணக்கு வைக்க முடியாது.